மயிலிட்டிக் கரையிலை ஒரு சூட்டுப் பெட்டி

மோட்டரை ஓடப் பண்ணிறவனுக்கு மாலை போட்டு இளநீர் வெட்டிக் குடுப்பினம், அதை ஒழுங்காய் நிக்கப் பண்ணிறவனைப் பாத்து "நீ ஆர் தம்பி?" எண்டு கேட்பினம்.

என்ரை தொழில் ரெண்டாவது. ரெண்டாம் உலக யுத்தம் தொடங்க முந்தின வருசங்களிலை, கொழும்புத் துறைமுகத்திலை பாரம் தூக்கிற மோட்டர்களோடை கொஞ்சக் காலம் மாரடிச்சுப்போட்டு ஊருக்குத் திரும்பினனான். யாழ்ப்பாணத்திலை அப்ப கரண்ட் எண்டால் சனத்துக்கு வெளிச்சம் மட்டும்தான். ஆரும் பாரம் இழுக்க மோட்டர் பூட்டிறதெண்டால் ஆள் தேடி இணுவிலுக்கு என்னட்டை வரவேணும். வந்தவை எல்லாரும் கேட்டது, "எவ்வளவு கெதியாய் ஓடும்?" எண்டுதான். "எப்பிடி நிக்கும்?" எண்டு கேட்ட இடம் ஒண்டே ஒண்டு. அது மயிலிட்டி. அந்த இடத்துக் கதையைத்தான் சொல்லப் போறன். நீங்களும் என்னை மாதிரி, ஆருக்கும் விளங்காத ஒரு சாமானைக் கட்டிக் காக்கிற தொழில் பாத்தவரெண்டால் கிட்ட வந்து இருங்கோ, சேந்து அழுவம்.

மற்றவைக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேணும். கிணத்துக்கை வாளியை இறக்கேக்கை கயிறு கைக்குள்ளாலை வழுக்கினால் உள்ளங்கை எரியுமெல்லோ? இறங்கிற பாரத்தை ஆரோ பிடிச்சு இறக்க வேணும், பிடிக்கிறவனுக்குச் சூடு. மோட்டருக்கும் அதே கதைதான். பாரம் கீழை போகேக்கை மோட்டரைத் தன்ரை பாட்டுக்குச் சுத்தும், அப்ப மோட்டர் தானே கரண்ட் உண்டாக்கத் தொடங்கும். அந்தக் கரண்டை எங்கையாவது கொண்டுபோய் எரிச்சுத் தீர்த்தால்தான் பாரம் அடங்கி இறங்கும். அதை எரிக்கிறதுக்கெண்டு ஒரு இரும்புப் பெட்டி, உள்ளுக்கை வார்ப்பிரும்புச் சட்டங்கள் வரிசையாய் நிக்கும். அதுக்கு இங்கிலீசிலை ஒரு பேர் இருக்கு. நாங்கள் சூட்டுப் பெட்டி எண்டுதான் சொன்னனாங்கள்.

களைச்சுப் போனால்?

வள்ளங்களும் வலையளும் வைச்சிருந்த மரியாம்பிள்ளைச் சம்மாட்டியாருக்கு மயிலிட்டிக் கடற்கரையோடை ஒரு வளவு. வள்ளங்களைக் கரைக்கு இழுத்து, பழுது பாத்து, தார் பூசித் திரும்பக் கடலிலை இறக்கிற இடம். சரிவிலை தண்டவாளம், அதிலை ஒரு வண்டி, வண்டிக்கு மேலை வள்ளம். முந்தி இழுக்கிறதும் இறக்கிறதும் ஆள்கள் வடக்கயிறு பிடிச்சுத்தான். ஒருநாள் இறக்கேக்கை கயிறு கையை மீறிப் போட்டுது. கீழை வள்ளம் சரியாமல் தாங்கு கட்டை பிடிச்சுக்கொண்டு நிண்ட யோசேப்பு எண்ட மனுசன் அதுக்குக் கீழை அகப்பட்டுச் செத்துப் போனான். அதுக்குப் பிறகு சம்மாட்டியார் ஒருத்தரையும் கயிறு பிடிக்க விடேல்லை. கொழும்பிலை ஆரோ கழிச்ச, கயிறு சுத்தி இழுக்கிற விஞ்சு ஒண்டை, மோட்டரோடையும் பெட்டியோடையும் வாங்கிக்கொண்டு வந்து, எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் ஒரு கொட்டிலுக்கை வைச்சு, எனக்கு ஆள் அனுப்பினார்.

விஞ்சு பிடிக்க அவர் வைச்ச ஆள், செத்த யோசேப்பின்ரை தம்பி அருளப்பு. அந்தக் கைபிடியைத் தொட்டாலே அவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். இனி, கீழை தாங்கு கட்டை பிடிக்கிறது ஆர் தெரியுமே? யோசேப்பின்ரை மனுசி தெரேசம்மாவின்ரை தம்பி சூசை. உந்த வேலை வேண்டாமடா எண்டு அவ அழுது பாத்தா. அவனுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான். மேலை அவவின்ரை கொழுந்தன், கீழை கூடப் பிறந்தவன், நடுவிலை என்ரை பெட்டி. எனக்கு அண்டு தொடக்கம் நித்திரை குறைஞ்சு போச்சு.

தெரேசம்மா அந்த வளவிலைதான் கருவாடு போடுறவ. பெட்டியை இறக்கின அண்டு சனம் சுத்தி நிக்க, நான் கிணத்துக் கயிற்றுக் கதையைச் சொல்லி விளங்கப்படுத்தினன். விஞ்சிலை இரும்புப் பட்டி பிறேக் ஒண்டும் இருக்கு, ஆனால் அது நிண்ட வள்ளத்தைப் பிடிச்சு வைச்சிருக்குமே ஒழிய ஓடுற வள்ளத்தை மறிக்காது, ஓட்டத்தை அடக்கிறது இந்தப் பெட்டிதான் எண்டும் சொன்னன். எல்லாரும் தலையாட்டிச்சினம். தெரேசம்மா மட்டும் தலையாட்டேல்லை. கூடையை இறக்கி வைச்சுப்போட்டுக் கேட்டா: "எல்லாம் சரி தம்பி. உந்தப் பெட்டி களைச்சுப் போனால் ஆர் பிடிக்கிறது?"

கருவாடு

சூட்டுப் பெட்டியைப் பூட்டுறது பெரிய வித்தை இல்லை. அதைச் சனம் தனிய விடப் பண்ணுறதுதான் வித்தை. நான் அதைக் கல்லுத் தூண் கட்டி நிலத்திலை இருந்து உயத்தி வைச்சன், கீழாலை காத்து உள்ளிட்டு மேலாலை போகட்டுமெண்டு. மழை படாமல் மேலை தகரக் கூரை, அதுவும் பெட்டியிலை முட்டாமல் நல்ல உயரத்திலை. கம்பியளைச் சூடு படாமல் அடியாலை கொண்டுவந்தன். பெட்டியின்ரை சட்டத்திலை இருந்து ஒரு செப்புக் கம்பியை இழுத்து ஈர மண்ணுக்கை தாட்டன், கரண்ட் ஒழுகினாலும் ஆளைத் தேடாமல் மண்ணுக்குப் போகட்டுமெண்டு. தார் பூசின வலையள், மண்ணெண்ணெய்ப் பீப்பா எல்லாத்தையும் தூரத் தள்ளுவிச்சன். இவ்வளவும் செய்து நிமிந்து பாத்து, "பரவாயில்லையடா" எண்டு என்னை நானே மெச்சிக்கொண்டு போனன்.

அடுத்த முறை போகேக்கை வளவுக்குப் போற ஒழுங்கையிலையே மூக்குச் சொல்லிப்போட்டுது. மாரி இருட்டு, வெயில் இல்லை. ரெண்டு நாளாய் வள்ளங்கள் இறக்கினதிலை பெட்டி நல்ல சூடாய் இருந்திருக்கு. அதுக்கு மேலை தட்டி வைச்சு, தட்டியிலை வரிசையாய்ச் சூடை மீன்! உப்புத் தண்ணி சட்டத்துக்கு மேலை சொட்டுச் சொட்டாய் விழுந்து கரண்ட் ஒழுகாமல் சட்டத்தைத் தாங்கிற பீங்கானெல்லாம் வெள்ளை பூத்துப் போய்க் கிடக்கு. உப்பும் ஈரமும் சேந்தால் கரண்டுக்கு றோட்டுப் போட்டுக் குடுத்த மாதிரி. முருகா எண்டு தலையிலை கையை வைச்சன். தட்டியைத் தெரேசம்மா தூக்கி வைச்ச நேரம் வள்ளம் ஒண்டும் இறங்கேல்லை, அதாலை தப்பினா.

எனக்கு வந்த கோவத்திலை வாயிலை வந்ததெல்லாம் ஏசிப்போட்டன். தெரேசம்மா ஒண்டுக்கும் அசையேல்லை. நான் பீங்கானை நல்ல தண்ணிச் சீலையாலை துடைக்கத் துடைக்க, அவ மீனை ஒவ்வொண்டாய் எடுத்துக் கூடைக்கை போட்டா. பெட்டியைச் சுத்தி ஒரு கை எட்டாத தூரத்திலை கம்பி வலை அடிக்கப் போறன், இனி ஆரும் கிட்ட வரப்படாது எண்டு சொன்னன். அவவுக்கு அது கொஞ்சமும் நியாயமாய்ப் படேல்லை. "சும்மா போற சூடுதானே தம்பி? அது கருவாட்டிலை பட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

மணி

ஏசினாலும், அவ முதல் நாள் கேட்ட கேள்வி என்ரை மண்டையைக் குடைஞ்சுகொண்டே இருந்தது. பெட்டி அளவுக்கு மீறிச் சுட்டால் அது எங்களுக்குச் சொல்ல வேணும். ரெண்டு சாதி உலோகத்தை ஒட்டின தகடு ஒண்டு சூட்டுக்கு வளையும். வளைஞ்சு போய் ஒரு முனையைத் தொட்டால் மணி அடிக்கும். அந்த மாதிரி ஒண்டு செய்து பூட்டினன். கொழும்பிலையும் எல்லா இடத்திலையும் இல்லாத சாமான் கண்டியளோ. எனக்கு அதிலை ஒரே புளுகமும் பெருமையும்.

சோதினைக்கெண்டு வண்டியிலை கல்லு ஏத்தி இறக்கினம். மணியையும் கொஞ்சச் சூட்டுக்கே அடிக்கிற மாதிரி வைச்சன். வண்டி பாதி வழியிலை போகேக்கை கணீர் கணீரெண்டு மணி. "நிப்பாட்டு!" எண்டு கத்திக்கொண்டு திரும்பிப் பாக்கிறன், வளவிலை நிண்ட அவ்வளவு பேரும் தலைப்பாகையைக் கழட்டிப்போட்டுச் சிலுவை அடையாளம் போடுகினம். மத்தியானம் கிட்டின நேரம். கோயில் மணி எண்டு நினைச்சு மூவேளைச் செபம் தொடங்கிப்போட்டினம்! கீழை சூசை தாங்கு கட்டையை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை நெத்தியைத் தொடுறான். அருளப்பு கைபிடியை விட்டிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறான். கைபிடியை விட்டால் பெட்டிக்குக் கரண்ட் போகாது, கல்லு வண்டி தன்ரை பாட்டிலை உருண்டுபோய்க் கடலுக்கை விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை.

செபம் முடியும் மட்டும் நான் என்ன செய்யிறது? சைவக்காரன் நான் அவையின்ரை செபத்துக்கை பூந்து கத்தேலுமே? முடிஞ்ச பிறகு பிடிச்சன் அருளப்பை. அது என்ரை மணியடா, பெட்டி எரியிற மணி எண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு. அவன் சிரிக்கேல்லை, வெக்கப்படவும் இல்லை. வலு மரியாதையாய்ச் சொன்னான்: "மணி அடிச்சால் நாங்கள் கும்பிடுறதுதான் அண்ணை. பெட்டி எரியிறதெண்டால் அதை வேறை மாதிரிச் சொல்லச் சொல்லுங்கோ."

பொம்பிளை பாக்கப் போனது

இடையிலை எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்து, மாமனோடை உடுப்பிட்டிக்குப் போனன். பொம்பிளையின்ரை தேப்பன் ஒரு வாத்தியார், நல்ல மனுசன், கதிரை போட்டு இருத்தினார். பலகாரம் வந்தது. "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" எண்டு கேட்டார். மாமன் முந்திக்கொண்டு, "மோட்டர் எஞ்சினியர்" எண்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கோ வாய் சும்மா கிடவாது. "மோட்டரை நிப்பாட்டிறதுதான் என்ரை வேலை" எண்டு தொடங்கி, சூட்டுப் பெட்டி, காத்து, கம்பி வலை, மணியைக் கழட்டிப்போட்டுப் பழைய காரொண்டின்ரை ஊதலைப் பூட்டினது வரைக்கும் ஒண்டு விடாமல் சொன்னன். கதவுக்குப் பின்னாலை ஆரோ பொம்பிளையள் சிரிச்சுக் கேட்டது. அந்தச் சம்பந்தம் அதோடை சரி. வாசல் படலை வரைக்கும் வந்து வழியனுப்பேக்கை வாத்தியார் என்ரை தோளிலை கையை வைச்சு, மெய்யான இரக்கத்தோடை சொன்னார்: "எங்கடை தோட்டத்துத் தண்ணி எஞ்சின் ஒவ்வொரு நாளும் தன்ரை பாட்டிலை நிக்குது தம்பி. அதுக்கு ஆரும் படிச்சுப்போட்டு வரேல்லை."

வேலி

மயிலிட்டிக் கோயில் பெருநாள் வந்தது. சம்மாட்டியாற்றை பெரிய வள்ளம் ஒண்டு பழுது பாத்து முடிஞ்சு, பெருநாள் அண்டு பங்குச் சுவாமியார் செபம் சொல்லி மந்திரிச்சுக் கடலிலை இறக்கிறதெண்டு ஏற்பாடு. யோசேப்பு செத்த பிறகு அவ்வளவு பாரமான வள்ளம் ஒண்டும் இறக்கேல்லை. குருநகரிலை இருந்து இனசனமெல்லாம் வருகுது. அருளப்பு ஒரு கிழமையாய்ச் சரியாய்ச் சாப்பிடேல்லை எண்டு தெரேசம்மா எனக்குச் சொல்லி அனுப்பினா. நானும் காலமையே சைக்கிளை உழக்கிக்கொண்டு போட்டன்.

போய்ப் பாத்தால் பெட்டியைக் காணேல்லை! பெட்டி நிண்ட இடத்திலை ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. என்ரை கம்பி வலையைக் கழட்டி ஓரமாய்ச் சாத்திப்போட்டு, புதுக் கிடுகாலை, ஒரு ஈர்க்கு நுழைய இடமில்லாமல், அப்பிடி வடிவாய் அடைச்சிருக்கு. தகரக் கூரைக்குக் கீழையும் கிடுகு. நீலம் பூசின சின்னப் படலை வேறை. எங்கடை ஆக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. வளவுக்கு வேலி, கிணத்தடிக்கு வேலி, குளிக்க வேலி, ஆட்டுக்கு வேலி. வேலி இல்லாமல் ஒண்டு வெளியிலை நிண்டால் மனசு கேளாது. சம்மாட்டியார் பட்டு வேட்டியோடை வந்து, "எப்பிடி தம்பி?" எண்டு நிண்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஊரிலை கெட்டிக்காரரான வேலிகாரரைப் பிடிச்சு அடைப்பிச்சிருக்கிறார்.

நான் மன்றாடினன். பெட்டிக்கு மூச்சு வேணும் சம்மாட்டியார், இது காய்ஞ்ச ஓலை, சூட்டிலை பத்தும், போதாக்குறைக்கு விஞ்சிலை நிக்கிற அருளப்புக்கும் பெட்டி தெரியாது எண்டன். அவர் மறுத்துக் கதைக்கேல்லை. வள்ளம் பின்னேரம்தானே இறக்கிறது, சுவாமியாரும் விருந்தாளியளும் பாத்த பிறகு தானே நிண்டு பிரிச்சு விடுறன் எண்டு சத்தியம் பண்ணினார். மனுசன் சொன்ன சொல்லு மாறாதவர், நானும் ஓமெண்டிட்டன். போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு ஒண்டு சொன்னார், அதைக் கேட்டால் ஆருக்கும் கோவம் நிக்காது: "நாலு பேர் வாற நாளிலை ஒரு சாமானை வேலி இல்லாமல் வெளியிலை விட்டால், அது எங்கடை சாமான் இல்லையெண்டெல்லோ தம்பி சனம் நினைக்கும்?"

புகை

பின்னேரம் வரைக்கும் ஆரும் பொறுக்கேல்லை. சுவாமியார் நேரத்துக்கு முந்தியே வந்திட்டார், கடலும் படுத்துக் கிடந்தது. பின்னேரம் காத்து எழும்புமெண்டு ஆரோ சொல்ல, "இப்பவே இறக்குவம்" எண்டு எல்லாரும் சேந்து முடிவெடுத்திட்டினம். மந்திரிச்ச கையோடை வள்ளத்தை விட்டாச்சு. வேலியை ஒருத்தரும் நினைக்கேல்லை. சம்மாட்டியார் சுவாமியாருக்குக் கதிரை போடுற அவதியிலை நிண்டார். அவர் சொன்னபடி பிரிச்சிருப்பார் எண்ட நினைப்பிலை நான் எஞ்சின் கொட்டிலுக்கை டைனமோவோடை நிண்டன், அந்த இரைச்சலிலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. முதல் கேட்டது கார் ஊதல்தான்.

வெளியிலை ஓடி வந்து பாத்தன். வள்ளம் பாதிச் சரிவிலை இறங்கிக்கொண்டிருக்கு. கீழை சூசையும் மற்ற ஆக்களும் நெஞ்சு முட்டத் தண்ணியிலை, ரெண்டு பக்கமும் தாங்கு கட்டையோடை. வேலிக்கு மேலாலை மஞ்சள் புகை. அருளப்புக்கு ஊதல் கேட்டிருக்கு, பெட்டி தெரியேல்லை. கைபிடியை விடாமல் என்னையே பாத்துக்கொண்டு நிண்டான். "மெல்ல மெல்லக் கொண்டு வந்து நிப்பாட்டு" எண்டு கையாலை காட்டினன். வள்ளம் நிண்டால்தான் பட்டி பிறேக் பிடிக்கும். நிக்கும் மட்டும் அந்தப் பெட்டி தாக்குப் பிடிக்க வேணும், அதுவும் முந்தினதிலும் பாக்கக் கூடச் சுட்டுக்கொண்டு.

அப்பத்தான் சனம் வாளியோடை ஓடி வந்தது. நெருப்பைக் கண்டால் தண்ணி ஊத்தாமல் விடுவினமே? "தண்ணி வேண்டாம்! ஊத்தாதேங்கோ!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். சிவக்கச் சுட்ட வார்ப்பிரும்பிலை கடல் தண்ணி பட்டால் பிளந்து போகும். பிளந்தால் கரண்டுக்கு வழியில்லை. வழியில்லையெண்டால் வள்ளத்தைப் பிடிக்க ஒண்டுமில்லை. இவ்வளவையும் ஓடுற சனத்துக்கு ஆர் விளங்கப்படுத்திறது? என்ரை வாயிலை வந்தது ஒண்டுதான்: "தண்ணி பட்டால் வள்ளம் ஓடும்! கீழை சூசை!"

தெரேசம்மாவுக்கு அது போதும். ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு வாளிக்காரருக்கு முன்னாலை போய் நிண்டா. ஒருத்தன் ஊத்தின தண்ணி முழுக்க அவவிலைதான். சம்மாட்டியார் கதிரையை எறிஞ்சுபோட்டு ஓடி வந்தார். பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டக்கூட நிக்கேல்லை. எரியிற கிடுகை வெறுங்கையாலை பிடிச்சு இழுத்தார். "பிடுங்குங்கோடா! அடியோடை பிடுங்குங்கோ!" எண்டு அவர் போட்ட சத்தத்திலை நிண்ட ஆக்கள் எல்லாம் பாய்ஞ்சு விழுந்திச்சினம். அவர் ஆசையாய் அடைப்பிச்ச வேலி படலையோடை சாஞ்சுது. கூரைக் கிடுகையும் கொக்கத்தடி போட்டு இழுத்து மண்ணாலை மூடிச்சினம். உள்ளுக்கை பெட்டி செக்கச் செவேலெண்டு நிண்டது, ஒரு சட்டமும் வெடிக்கேல்லை. காத்துப் படப் பட நிறம் இறங்கிச்சுது. வள்ளம் ஊர்ந்து ஊர்ந்து வந்து நிண்டது. அருளப்பு பட்டி பிறேக்கை இறுக்கின சத்தம் கேட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டன்.

சம்மாட்டியாற்றை ரெண்டு கையும் கொப்புளிச்சுப் போச்சு. வேட்டி முழுக்கக் கரி. நான் "உங்கடை வேலி..." எண்டு இழுத்தன். அவர் சாம்பலைப் பாக்கேல்லை, கடல் பக்கம்தான் பாத்துக்கொண்டு நிண்டார். "கிடுகு நாளைக்கும் பின்னலாம் தம்பி. சூசையை ஆர் பின்னித் தாறது?"

ஆறட்டும்

வள்ளம் பாதியிலை நிக்குது, பின் பாதி தண்ணிக்கை. அது மிதக்கும் மட்டும் தாங்கு கட்டையை விடேலாது, சூசை ஆக்கள் கீழையே நிக்க வேண்டியதுதான். மேலை விருந்தாளியளுக்குப் பொறுமை இல்லை. விசிறியாலை விசுக்கினால் என்ன எண்டு ஒருத்தர். கொஞ்சமாய்த் தண்ணி தெளிச்சால் என்ன எண்டு இன்னொருத்தர். பந்தியிலை சோறு ஆறுது எண்டு ஒரு மாமி. நான் வாயைத் திறக்க முதல் அருளப்பு திறந்தான். "ஆறட்டும்" எண்டான். சம்மாட்டியார் இருக்கிற இடத்திலை அவன் அப்பிடி உரத்துக் கதைச்சதை அண்டைக்குத்தான் கண்டன். சுவாமியார் ஒரு மரக்குத்தியிலை குந்திக்கொண்டு செபமாலையை எடுத்தார்.

நான் போய்க் கையைக் கிட்டப் பிடிச்சு, பீங்கான், முடிச்சு, கம்பி எல்லாம் பாத்து, சரியெண்டு தலையாட்டினன். அருளப்பு கைபிடியைத் தொட்டான். இந்த முறை வேர்க்கேல்லை. வள்ளத்தைக் குழந்தைப்பிள்ளையை ஏணைத் தொட்டிலிலை கிடத்திற மாதிரித் தண்ணியிலை இறக்கினான். அது மிதந்தவுடனை வெடி கொளுத்தி ஆரவாரம். தெரேசம்மா மட்டும் ஆரவாரிக்கேல்லை. நனைஞ்ச சீலையோடை தண்ணிக் கரைக்கு ஓடிப்போய், ஏறி வந்த தம்பியின்ரை முகத்தை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு ஓவெண்டு அழுதா. எனக்கும் கண் கலங்கிப் போச்சு, மறைக்க என்ன கிடக்கு.

சூசைக்கு ஒரு இழவும் விளங்கேல்லை. அவனுக்கு முன்னாலை நிண்ட வள்ளம் எல்லாத்தையும் மறைச்சுப் போட்டுது. விரலெல்லாம் ஊறிச் சுருங்கி, உதடு நீலம் பாரிச்சு, பல்லுக் கிடுகிடுக்க, அக்காவின்ரை கையை விலக்கிப்போட்டு நேரை என்னட்டை வந்தான். கும்பிடப் போறானாக்கும் எண்டு நினைச்சு நானும் கொஞ்சம் நிமிந்து நிண்டன். "ஏன் அண்ணை, உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ? மேலை புகை மணந்தது, கறி பத்துதாக்கும் எண்டு நினைச்சம். நீங்கள் ஆறுதலாய் இருந்து சாப்பிட்டு ஏவறை விடும் மட்டும் நாங்கள் தண்ணிக்கை நிண்டு விறைச்சுச் சாகிறதோ?"

இவ்வளவு காலம் இந்தத் தொழில் பாத்து எனக்குக் கிடைச்ச பெரிய மரியாதை, செத்திருக்க வேண்டிய ஒருத்தன் உயிரோடை வந்து முன்னாலை நிண்டு என்னை ஏசினதுதான்.